தை மாசத்து மாம்பழம்

ஜொகூர் பாருவில் அந்தக் காலத்தில் பேச்சியம்மாள் என்று தேடிப் போனால் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். ஐஸ் பேச்சியம்மாள் என்று கேட்டால் ஒருத்திதான். ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் ஐஸ் பேக்டரி, பேக்டரிக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு, அதில் கடைசி வீடு அவளுடையது. கட்டையான உடம்பு, கனத்த குரல். அவள் மிளகாய் வறுத்தால் தெருவே தும்மும், ரசம் கொதித்தால் தெருவுக்கே பசிக்கும். தன் கைமணம் தனக்குத் தெரியாதது போல நடிக்கிற பழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. நல்லா இருக்கு என்று யாராவது சொன்னால், "பின்னே?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

அவள் பிறந்து வளர்ந்தது கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். பால் வெட்டிய கைதான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கஞ்சி காய்ச்சி, அப்புறம் சோறு வடித்து, அப்புறம் ஊருக்கே சமைக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். செல்லப்பனைக் கட்டிக்கொண்டு, அவனுக்கு ஐஸ் பேக்டரியில் வேலை கிடைத்ததும் ஜொகூர் பாருவுக்குக் குடி வந்தார்கள். காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி எல்லாவற்றுக்கும் பேச்சியம்மாளைக் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு மட்டும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் காய் நறுக்கவும் தேங்காய் துருவவும்தான். கல்யாணப் பந்தி என்றால் அதற்கு ஆம்பளைச் சமையல்காரன் வேண்டுமாம். சிங்கப்பூரிலிருந்து கடல்பாலம் தாண்டி ஒருத்தன் கரண்டியோடு வந்து இறங்குவான். அவனுக்கு இவள் மசாலா அரைத்துக் கொடுக்க வேண்டும். அவன் சாம்பாரில் உப்புக் குறைந்தால் இவள்தான் திருத்த வேண்டும், பெயர் அவனுக்குப் போகும். அதை நினைத்தால் பேச்சியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு கல்யாணப் பந்தியாவது தன் கையில் நடக்க வேண்டும், சமைத்தது பேச்சியம்மாள் என்று வாசலில் நின்று சொல்ல வேண்டும். அவளுடைய ஆசையெல்லாம் அதுதான். ஆசை என்ன ஆசை, வெறி என்றே சொல்லலாம்.

ஐஸ் பேக்டரியில் செல்லப்பன் செய்த வேலையைச் சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும். அங்கே குளம் மாதிரி ஒரு பெரிய தொட்டி, அது நிறைய உப்புத்தண்ணீர். இயந்திரம் அந்த உப்புத்தண்ணீரைக் கை வைக்க முடியாத குளிருக்குக் கொண்டுபோகும், ஆனால் உப்பு இருப்பதால் அது உறையாது. நல்ல தண்ணீர் நிரப்பிய நீளமான தகரக் கூடுகளை அதற்குள் இறக்கிவிட்டால், மறுநாள் கூட்டுக்குள் தண்ணீர் பாளமாக இறுகிக் கிடக்கும். அதைத் தூக்கி, கவிழ்த்து, மரத்தூளில் புரட்டி வண்டியில் ஏற்றுவதுதான் செல்லப்பன் வேலை. மலாய்க்காரர்கள் ஆயர் பத்து என்பார்கள், கல்லுத் தண்ணீர். சரியான பேர்தான்.

ஒருமுறை ஆனி மாசத்து வேலை நெரிசலில் அவனுடைய தூக்குச்சட்டி தொட்டிக்குள் நழுவிவிட்டது. எங்கே போட்டோம் என்று அவனுக்கே தெரியவில்லை. வீட்டில் நல்ல வசவு வாங்கினான். பல வாரம் கழித்துத் தொட்டியின் மூலையைச் சுரண்டும்போது சட்டி அகப்பட்டது. மூடி இறுக்கமாக இருந்ததால் உப்புத்தண்ணீர் உள்ளே போகவில்லை. அன்றைக்கு அவள் நறுக்கிக் கொடுத்திருந்த மாம்பழத் துண்டு கூழாங்கல் மாதிரி கடகடவென்று ஆடியது. வேடிக்கை காட்டலாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்தான். பேச்சியம்மாள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். பழுத்த அன்று இருந்த வாசம் அப்படியே இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டாள். பல் கூசியது, பிறகு நாக்கில் பழம் கரைந்தது. அடுத்த துண்டை எடுத்தாள், அதற்கடுத்ததையும் எடுத்தாள். பேச்சி பேசாமல் தின்றால் ஏதோ விபரீதம் என்று செல்லப்பனுக்குத் தெரியும்.

அன்று பிடித்தது பித்து. பலாச்சுளை, முள்ளு சீத்தா, அன்னாசி, எது கிடைத்தாலும் தகர டப்பாவில் போட்டுக் கணவன் கையில் கொடுத்து அனுப்புவாள். "வேலையைப் புடுங்கிருவாங்க புள்ள" என்று அவன் புலம்புவான். புலம்பிக்கொண்டே கொண்டுபோவான். முதலில் எல்லாம் கோளாறுதான். மாம்பழ டப்பாவை விளிம்பு வரை நிரப்பினாள், உறைந்தபோது பழம் உப்பி டப்பா வெடித்து உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த மாம்பழத்தைப் பக்கத்து வீட்டுக்கு ஊறுகாய் என்று கொடுத்துவிட்டாள், அவர்களும் நன்றாயிருக்கிறது என்றார்கள். பிறகு விளிம்புக்குக் கீழே இடம் விடப் பழகினாள். மூடிக்கு ஈயம் வைத்து அடைக்க ஆள் தேடி, பெக்கான் நானாஸில் அன்னாசி டின் அடைக்கிற சீனர் ஒருவரைப் பிடித்துவிட்டாள்.

நாற்றத்துக்குப் பேர்போன டுரியான் பழம்தான் மாட்டிவிட்டது. ஈயம் சரியாக வைக்காத டப்பா ஒன்று கசிந்து, தொட்டியெல்லாம் டுரியான் மணம். ஐஸ் வாங்கிய காப்பிக் கடைக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். தவுக்கே, அதாவது பேக்டரி முதலாளி, செல்லப்பனை நிறுத்தி வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். சேதி கேட்டுப் பேச்சியம்மாள் ஓடினாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள் என்று நினைத்தால் தப்பு. முன்பே எடுத்த டப்பாப் பழத்தில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சி வைத்திருந்த டுரியான் பாயசத்தை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அது டுரியான் காலமே இல்லை. தவுக்கே கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு வாய் குடித்தார். கத்தல் நின்றது. டப்பாவுக்கு நன்றாக ஈயம் வைக்க வேண்டும், டுரியான் வைத்தால் தனக்கு ஒரு பங்கு வர வேண்டும், இரண்டே நிபந்தனைதான் போட்டார். அதன்பின் தொட்டியின் ஒரு மூலை பேச்சியம்மாள் மூலை ஆகிவிட்டது.

உறைந்த பழத்தின் குணத்தை அவள் அடித்துச் சொல்லுவாள். கல்லாக இருக்கும்வரை அது ராஜா, இளகினால் அழுதுவிடும் என்பாள். இளகிய பழம் தண்ணீர் விட்டுத் துவண்டுபோகும், துண்டாக நிற்காது. ருசி போகாது, உருவம்தான் போகும். ஆகவே பலாச்சுளை பாயசத்துக்கு, அன்னாசி பச்சடிக்கும் ரசத்துக்கும், முள்ளு சீத்தா சர்பத்துக்கு. துண்டாகவே தின்ன வேண்டுமென்றால் இளகுமுன் தின்ன வேண்டும். இவ்வளவுதான் அவளுடைய சாஸ்திரம்.

இப்படி இருக்கையில் ரயில்வே கங்காணி சின்னத்தம்பி வீட்டில் நிச்சயதார்த்தம் வந்தது. ஆனி மாசம், நல்ல பழக்காலம். மாப்பிள்ளை வீட்டார் சிங்கப்பூர். மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, பெரியப்பா ஐயாசாமிதான் எல்லாம். துணிக்கடைக்காரர், கறாரான மனிதர். நிச்சயத்துக்குச் சின்னப் பந்திதானே என்று பேச்சியம்மாளைச் சமைக்க விட்டிருந்தார்கள். சாப்பாட்டில் மாம்பழம் வைத்தாள். ஐயாசாமி ரசித்துத் தின்றுவிட்டு, தங்கள் குடும்பத்தில் கல்யாணப் பந்தியின் முதல் இலையில் மா, பலா, வாழை மூன்றும் இல்லாமல் கை நனைக்க மாட்டார்கள் என்றார். வழிவழியாக வந்த வழக்கமாம். முகூர்த்தமோ தையில்தான் வைத்திருந்தார்கள். தை மாசத்திலும் இந்தச் சீமையில் பலாவுக்குப் பஞ்சமில்லை, வாழை எப்போதும் உண்டு. மாம்பழத்துக்கு எங்கே போவது? சின்னத்தம்பி முகம் சுருங்கிவிட்டது. வழக்கத்தை விடுங்களேன் என்று சம்பந்தியிடம் யார் சொல்லுவது? ஐயாசாமியோ, சிங்கப்பூர்ச் சமையல்காரரைத் தானே அனுப்புவதாகவும், பழத்துக்கு மட்டும் பெண் வீட்டார் வழி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வெற்றிலை மடித்தார்.

மோர் ஊற்றிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் குவளையைக் கீழே வைத்தாள்.

"கங்காணி ஐயா, தையில மாம்பழம் நான் தாரேன். ஆனா பந்தியும் என் கையிலதான் இருக்கணும். வேற யாரும் கரண்டி தொடக் கூடாது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்லப்பன் பின்னாலிருந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். ஐயாசாமி சிரித்தார். பொம்பளை கையில் கல்யாணப் பந்தியா, அதுவும் தையில் மாம்பழமா, சரி, பழம் இலையில் இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். இல்லாவிட்டால் இந்த ஊரில் இனி எந்த விசேஷத்துக்கும் அடுப்பு மூட்ட மாட்டேன் என்றாள் பேச்சியம்மாள். வாய்க்கு வந்ததைச் சொல்லுகிற ஆள் இல்லை, சொன்னால் சொன்னதுதான். சின்னத்தம்பிக்கும் வேறு வழியில்லை, தலையாட்டினார்.

அந்த வாரமே கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகளில் ஏறி இறங்கிப் பழம் பொறுக்கினாள். நார் இல்லாத பழம், காம்பில் பால் வற்றிய பழம், அதிலும் நடுச்சதை மட்டும். துண்டு போட்டு, அன்னாசி டின்னில் அடுக்கி, சீனரிடம் ஈயம் வைத்து, தொட்டி மூலையில் இறக்கினாள். ஆடி போனது, ஐப்பசி மழை போனது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? காப்பிக் கடையில் பேச்சியின் பல் உறையப் போகிறது என்று கேலி பேசினார்கள். அவள் காதில் விழத்தான் செய்தது. இருக்கட்டும், இலை போடும்போது பேசுங்கள் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று கங்காணி வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு அடுப்பு மூட்டினார்கள். டின்களை மரப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் நொறுக்கிய ஐஸும் கல்லுப்பும் கொட்டி, மேலே மரத்தூள் மூடி, செல்லப்பன் கை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். ஒரு டின்னைத் திறந்து பார்த்தாள். பொன் துண்டு மாதிரி கிடந்தது மாம்பழம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளிக்கும்போது, பெட்டியிலிருந்து நேரே இலைக்குக் கொண்டுபோக வேண்டும். சோறு வந்து பருப்பு விழுமுன் பழம் பல்லுக்குப் பதமாகிவிடும். எல்லாம் கணக்காகத்தான் யோசித்து வைத்திருந்தாள்.

கங்காணி பெண்டாட்டி ராஜம்மாவை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள். ராஜம்மா நல்லவள். பெருமைக்காரி. மாப்பிள்ளை வீட்டார் எதிரே சீர்த்தட்டு வரிசை வைக்கிற நேரம், தையில் மாம்பழம் வைத்திருக்கிற வீடு ஜொகூரில் வேறு எது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பேச்சியம்மாள் எண்ணெய்ச் சட்டியில் வடை தள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்களை அனுப்பிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, டின்களை எல்லாம் உடைத்து, பித்தளைத் தட்டுகளில் துண்டுகளை அழகாக அடுக்கி, நடுவில் ரோஜாப்பூ வைத்துப் பந்தலில் கொண்டுபோய் வரிசையாக வைத்துவிட்டாள் அந்த மகராசி. பந்தலில் வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்கள். ராஜம்மாவுக்குத் தலைகால் தெரியவில்லை.

தாலி கட்டி, மாலை மாற்றி, பெரியவர்கள் ஒவ்வொருவராக அட்சதை போட்டார்கள். ஜொகூர் வெயில் சும்மா இருக்குமா? பந்திக்கு இலை போடுகிற நேரம் பேச்சியம்மாள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஐஸும் உப்பும்தான் இருந்தன.

யார் எடுத்தது என்று கத்தினாள். ராஜம்மா சிரித்தபடியே தட்டுகளோடு வந்தாள். தட்டில் பழம் இருந்தது. துண்டு இல்லை. துவண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டி, தன் சாற்றிலேயே நீந்திக்கொண்டிருந்தது. ரோஜாப்பூ நடுவில் மிதந்தது. ராஜம்மா சிரிப்பு அப்போதுதான் அணைந்தது.

பேச்சியம்மாள் ஒரு நிமிஷம் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெளியே ஐயாசாமி முதல் ஆளாக இலையில் உட்கார்ந்துவிட்டார் என்று செல்லப்பன் வந்து சொன்னான். இந்தக் கூழை இலையில் ஊற்றினால், இதுவா மாம்பழம் என்பார். அப்புறம் அடுப்பு கிடையாது, கரண்டி கிடையாது, வாழ்நாள் முழுக்க எவனோ ஒருத்தனுக்குத் தேங்காய் துருவ வேண்டியதுதான். ராஜம்மா அழ ஆரம்பித்தாள். பேச்சியம்மாளுக்கு அவளை நாலு கேட்க வாய் துடித்தது. ஆனால் கை தட்டிலிருந்த பழத்தைத் தொட்டதும் வாய் நின்றுவிட்டது. தொட்டால் பிசைந்துவிடுகிற பதம். பிசையாமலே பிசைந்த பதம். அவளே சிரித்துவிட்டாள்.

"அழுவாதீங்கக்கா. வாழைப்பழம் எல்லாத்தையும் உரிங்க. தேனும் நெய்யும் எங்கே?"

அண்டாவில் வாழைப்பழத்தைப் போட்டாள். பலாச்சுளையைப் பொடிப்பொடியாக அரிந்து போட்டாள். மாம்பழத்தைச் சாறோடு கவிழ்த்தாள். பனைவெல்லம், கற்கண்டு, பேரீச்சம்பழம், ஏலக்காய், தேன், நெய். முழங்கை வரை விட்டுப் பிசைந்தாள். சமைத்த பழம் என்று ஒருத்தன் சொல்லக்கூடாது, நெருப்புப் படாமல் கையாலேயே பிசைந்தாள். காலியான மரப்பெட்டியில் ஐஸும் உப்பும் அப்படியே கிடந்ததல்லவா, அதற்குள் அண்டாவை இறக்கிச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். வெளியே இலை காத்திருந்தது, மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். ஓரத்தில் வெண்மையாகப் பனி பிடித்து, பஞ்சாமிர்தம் கெட்டியாகிக் கரண்டியில் நின்றது. அப்போதுதான் எழுந்தாள்.

பரிமாற ஆளை அனுப்பவில்லை. அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தானே பந்திக்குப் போனாள். ஐயாசாமி இலையில் முதல் கரண்டி வைத்தாள். அவர் இலையைப் பார்த்தார். பந்தி முழுக்க அவரைப் பார்த்தது.

"முக்கனி எங்கே?" என்றார்.

"நாக்குல வச்சுப் பாருங்க ஐயா. மூணுல எது இல்லேன்னு நீங்களே சொல்லுங்க."

"பழமா வைக்கிறதுதான் எங்க வழக்கம்."

"பழனியில பிசைஞ்சு குடுக்கிறதை முருகன் பழம் இல்லேன்னு தள்ளிடுறாரா? தைப்பூச மாசமும் அதுவுமா, உங்க வீட்டுப் பிள்ளை கல்யாணத்துக்கு நெருப்புப் படாம பிசைஞ்சு கொண்டாந்திருக்கேன்."

பஞ்சாமிர்தத்தை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தமிழன் துணிவான்? ஐயாசாமி விரலால் எடுத்து நாக்கில் வைத்தார். குளிர்ந்ததில் தோளைச் சிலிர்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக மென்றார். முதலில் மாம்பழம் வந்திருக்க வேண்டும், புருவம் ஏறியது. ஆனி மாசத்து வாசம் அது, ஏமாற்ற முடியாத வாசம். கண்ணை மூடிக்கொண்டார். இலையை வழித்துவிட்டு, தலை நிமிராமல், இன்னொரு கரண்டி என்று விரலைக் காட்டினார்.

அப்புறம் பந்தியில் நடந்ததைச் சொல்லி முடியாது. சோற்றைக் கேட்க ஆளில்லை, எல்லோரும் பஞ்சாமிர்தம் பஞ்சாமிர்தம் என்று இலையைத் தட்டினார்கள். காப்பிக் கடையில் கேலி பேசியவர்கள் இரண்டாம் பந்திக்குக் காத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள். மிச்சம் இருக்குமா என்ற கவலை அவர்களுக்கு. இருக்கட்டும், நன்றாகக் கவலைப்படட்டும்!

மாப்பிள்ளை வீட்டார் கை கழுவிய பிறகு, சமையல்காரருக்கு மரியாதை செய்கிற வழக்கம் ஒன்று உண்டு. ஐயாசாமி தாம்பாளத்தோடு பந்தலில் வந்து நின்றார். வெற்றிலை பாக்கு, பழம், சரிகைக்கரை வேட்டி, மேலே ஒரு துண்டு. சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. சமைக்கப்போவது யாரென்று தெரிந்தும், பழக்க தோஷத்தில் வேட்டியைத்தான் வாங்கியிருந்தார்.

"சமைச்சவங்க யாரு, வரச் சொல்லுங்க," என்று உரக்கச் சொன்னார். சொன்ன பிறகுதான் கையில் இருந்ததைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேச்சியம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜம்மா பதறிப்போய், பீரோவில் புதுப் புடவை இருக்கிறது, இதோ கொண்டுவருகிறேன் என்று உள்ளே ஓடப் பார்த்தாள்.

"புடவை வேணாம்க்கா," என்றாள் பேச்சியம்மாள். "கல்யாணச் சமையல்காரருக்குன்னு வச்சிருக்காங்க. அதையே குடுக்கட்டும்."

சிரிப்பு நின்றுபோனது. ஐயாசாமி அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார். கொஞ்சம் குனிந்தே நீட்டினார். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேட்டியைச் செல்லப்பன் கையில் கொடுத்தாள், அவன் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். துண்டை உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டாம் பந்திக்கு இலை போடுங்க," என்றாள்.